முனியாண்டி அண்ணன் இறக்க மறுத்த சுமை

போன வாரம் கவிதாவிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. ஈப்போ நீதிமன்றத்தில் இப்போது தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருப்பவள். நான் ஓய்வு பெற்றபோது என் நாற்காலியில் வந்து உட்கார்ந்தவளும் அவள்தான். அந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆடும் என்பதைச் சொல்லாமல் கொடுத்துவிட்டு வந்தேன், அதற்காக இன்றுவரை என்னைத் திட்டுகிறாள்.

"அக்கா, பர்டன் ஆஃப் புரூஃப்னு ஜட்ஜ் சொன்னா நீங்க தமிழ்ல எப்படி சொல்வீங்க? போன்ல போட்டுப் பாத்தா 'ஆதாரத்தின் சுமை'ன்னு காட்டுது. அப்படியே சொல்லிறலாமா லா? மக்கான் முடியறதுக்குள்ள சொல்லுங்கக்கா."

சாப்பாட்டு இடைவேளைக்குள் சொல்லி முடிக்கிற விஷயமா அது? "குற்றம் செஞ்சீங்கன்னு சொல்றவங்கதான் அதைக் காட்டணும், நீங்க காட்ட வேண்டியதில்ல, இப்படிச் சொல்லு" என்று பதில் அனுப்பினேன். கட்டைவிரல் படம் ஒன்று வந்தது. அவளுக்கு அது போதும். எனக்குத்தான் போதவில்லை. அன்று மாலை முழுக்க அந்தச் சொல் என் தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றது.

பர்டன் என்ற ஒரே சொல்லை நீதிமன்றத்தில் ஆளுக்கு ஒரு விதமாகப் பயன்படுத்துவார்கள். அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டியதும் பர்டன். லோரி அளவுக்கு மீறி ஏற்றி வந்த மரமும் பர்டன். தண்டனையைக் குறைக்கக் கேட்கும்போது வக்கீல்கள் அடுக்குகிற பெண்டாட்டி, பிள்ளை, நோயாளித் தகப்பன் எல்லாமே பர்டன்தான். ஒருமுறை ஒரு வக்கீல், தன் கட்சிக்காரர் வயதான தாயைத் தாங்கும் பர்டனோடு வாழ்கிறார் என்று உருக்கமாகப் பேசினார். கூண்டில் நின்றவருக்குப் புரிய நான் அதைத் தமிழில் சொன்னேன். அந்தத் தாய் பின் வரிசையில் உட்கார்ந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. வெளியே வந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, நான் அவனுக்குப் பாரமா? நான் ஆக்கிப் போடலன்னா அவன் திங்கிற சோறு ஏது? நேத்துக்கூட அவன் சட்டைய நான்தான் பெட்டி போட்டுக் குடுத்தேன். அந்த சட்டைய மாட்டிக்கிட்டுத்தான் உள்ள நிக்கிறான்!"

நான் சொல்லவில்லை, வக்கீல் சொன்னார் என்றேன். "சொன்னது உன் வாயிதானே" என்றார். என் வேலை முழுவதுமே அதுதான்: அடுத்தவர் பேச்சு, என் வாய்.

நான் பிறந்தது சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். அம்மாவும் அப்பாவும் மரம் வெட்டினார்கள்; பால் எடுக்கப் பட்டையைச் சீவுவதைத்தான் அங்கே அப்படிச் சொல்வோம். நான் பள்ளியில் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம் முடித்தேன், அரசாங்க வேலைக்கு மனு போட்டேன், மலாயும் ஆங்கிலமும் தமிழும் தடுமாறாமல் வந்ததால் எடுத்துக்கொண்டார்கள். பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. சில மாதங்கள் ஒருவர் பின்னால் நிற்க வேண்டும், பிறகு அவர் உங்கள் பின்னால் நிற்பார். என் பின்னால் நின்றவர் மிசஸ் தில்லையம்பலம்.

அவர் எங்கள் தலைமை மொழிபெயர்ப்பாளர். யாழ்ப்பாணத்துக் குடும்பம். தாத்தா காலத்திலேயே மலாயா ரயில்வேக்கு வந்துவிட்டாலும், வீட்டுக்குள் பேசிய தமிழை அப்படியே பத்திரமாக வைத்திருந்தார். கஞ்சி போட்ட பருத்திச் சேலை, கையில் ஒரு பிளாஸ்க், முகத்தில் சிரிப்பே கிடையாது. தோட்டத்துத் தமிழ் பேசுகிற நாங்கள் அவருடைய "நீர்", "உம்மடை" எல்லாவற்றையும் முதுகுக்குப் பின்னால் பேசிக் காட்டிச் சிரிப்போம். அவருக்கும் தெரியும். ஒருநாள், "நீர் என்னைப் போலக் கதைக்கிறீராம், ஒருக்கால் கதைச்சுக் காட்டும் பாப்பம்" என்று எதிரிலேயே உட்கார்ந்துவிட்டார்.

முதல் வாரத்தில் எனக்கு வாய்த்தது சைக்கிள் திருட்டு வழக்கு. கூண்டில் நின்றவர் நீளமாகப் பேசினார். சைக்கிள் யாருடையது, மழை எப்படிப் பெய்தது, மாமியார் வீட்டில் என்ன தகராறு, எல்லாம் வந்தது. நான் நீதிபதியிடம், "அவர் எடுக்கவில்லை என்கிறார்" என்று ஒரு வரியில் முடித்தேன். கெட்டிக்காரத்தனம் என்று நினைப்பு. இடைவேளையில் மிசஸ் தில்லையம்பலம் என்னை அறைக்குக் கூப்பிட்டார்.

"அவர் 'நான்' எண்டால் நீரும் 'நான்' எண்டுதான் சொல்ல வேணும். 'அவர் சொல்லுறார்' எண்டு சொல்ல நீர் ஆர், பக்கத்து வீட்டுக்காரியோ? மற்றது, மாமியார் எங்கை போனவ?"

"அது தேவையில்லாத பேச்சு மிசஸ்..."

"தேவையோ இல்லையோ எண்டு பாக்கிறதுக்கு மேலை ஒருத்தர் இருக்கிறார். அவருக்குச் சம்பளமும் கூட. நீர் முழுக்கச் சொல்லும்."

அன்றிலிருந்து முழுக்கச் சொன்னேன். மாமியாரை விட்டதே இல்லை. கேட்க எளிதாக இருக்கும், செய்து பார்த்தால்தான் தெரியும். காலையில் வழக்குகள் வரிசைகட்டி நிற்கும். கூண்டில் இருப்பவர் ஒரு கதையே சொல்லுவார். மேலே இருப்பவர் கடிகாரத்தைப் பார்ப்பார். சுருக்கிச் சொன்னால் எல்லோருக்கும் உங்களைப் பிடிக்கும்.

முனியாண்டி அண்ணன் வழக்கு வந்தது மிசஸ் தில்லையம்பலம் ஓய்வு பெறுகிற வருஷத்தில். அப்போது நானே சீனியர். ரப்பரை அழித்து எண்ணெய்க்குச் செம்பனை போட்டு, பாதித் தோட்டத்தை வீடமைப்புக்கு விற்று, சனங்கள் எல்லாம் ஈப்போவைச் சுற்றி மலிவு வீடுகளில் குடியேறிவிட்ட காலம். முனியாண்டி அண்ணனும் அப்படி வந்தவர்தான். ஒரு குத்தகை முதலாளியிடம், எங்கள் பேச்சில் தவுக்கேயிடம், லோரி ஓட்டினார். செம்பனைக் குலைகளை ஏற்றிக்கொண்டு போய் ஆலையில் இறக்குகிற வேலை. அவருடைய சிநேகிதர் ராமசாமி அதே லோரியில் கெலின்டான், அதாவது ஏற்றி இறக்க உதவியாள். இரண்டு பேரும் ஒரே தோட்டத்தில் பிறந்து, ஒரே லயத்து வரிசைவீடுகளில் வளர்ந்து, ஒரே அடுக்குமாடியில் மேல்வீடு கீழ்வீடாகக் குடியிருந்தவர்கள்.

தைப்பூசத்துக்குச் சில நாள் இருக்கும்போது, ஆலைக்குப் போகிற இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. லோரி கவிழ்ந்தது. குலைகள் சரிந்து ராமசாமியை மூடிவிட்டன. அவர் அங்கேயே இறந்துபோனார். முனியாண்டி அண்ணனுக்குத் தோளில் அடி, அவ்வளவுதான். போலீஸ் அவரைப் பிடித்து வைத்தது. ஆபத்தான முறையில் வாகனம் ஓட்டி மரணம் விளைவித்ததாகக் குற்றச்சாட்டு. நிரூபணமானால் கண்டிப்பாகச் சிறை.

குற்றம் சாட்டுகிற அன்று நடைமுறை இதுதான். மொழிபெயர்ப்பாளர் கூண்டுக்குப் பக்கத்தில் போய் நின்று குற்றச்சாட்டை அவர் மொழியில் விளக்க வேண்டும். புரிந்ததா என்று கேட்க வேண்டும். ஒப்புக்கொள்கிறாரா, விசாரணை கேட்கிறாரா என்று கேட்க வேண்டும். ஒப்புக்கொண்டால், அதனால் என்ன தண்டனை வரும் என்று தெரிந்துதான் ஒப்புக்கொள்கிறாரா என்று மறுபடியும் கேட்க வேண்டும். அவருக்கு வக்கீல் இல்லை. வைக்க வசதியில்லை. கையைத் துணியில் கட்டித் தொங்கவிட்டபடி நின்றார்.

நான் விளக்கினேன். புரிந்தது என்று தலையாட்டினார். ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்டேன்.

"இதுல கேக்க என்னம்மா இருக்கு? அன்னைக்கு அவனுக்கு வேலையே கெடையாது. காவடிக்கு சாமான் வாங்கப் போறேன்னு சொல்லிக்கிட்டிருந்தான். நான்தான் 'வாடா, ஒரு டிரிப்புதான், போயிட்டு வந்திரலாம்'னு கூப்பிட்டேன். நான் கூப்பிட்டதாலதான் வந்தான். என் லோரியில செத்தான். அவன் பாடையக்கூட நான் தூக்கல, லாக்கப்புல இருந்தேன். என் தலையில போட்டுருங்க. நான் சொமந்துக்கிறேன்."

கூண்டுக்குப் பக்கத்தில் நின்ற போலீஸ்காரர், எங்கள் பேச்சைக் கேட்டுப் பழகியவர், "மெங்காகு லா தூ" என்றார். ஒப்புக்கொண்டுவிட்டாரே, அவ்வளவுதானே என்று பொருள். அரசுத் தரப்பு அதிகாரி அடுத்த கோப்பைக் கையில் எடுத்துவிட்டார். ஆம், ஒப்புக்கொள்கிறார் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் யாரும் தப்பு கண்டிருக்க மாட்டார்கள். முனியாண்டி அண்ணனே கண்டிருக்க மாட்டார். அவருக்கு வேண்டியதும் அதுதான்.

நான் முழுக்கச் சொன்னேன். கூப்பிட்டது, ஒரு டிரிப்பு, காவடிச் சாமான், பாடை, எல்லாவற்றையும் 'நான்' என்றே சொன்னேன்.

மாஜிஸ்திரேட் இளம் வயது மலாய்க்காரர். நல்ல மனிதர், ஆனால் அன்று முன்னால் கோப்பு மலை. "புவான், யா அத்தாவ் தீடாக்?" என்றார். ஆமாவா இல்லையா.

"துவான், இரண்டையும் அவர் இன்னும் சொல்லவில்லை" என்றேன்.

மாஜிஸ்திரேட் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், பேனாவைக் கீழே வைத்தார். எப்படி ஓட்டினார் என்று கேளுங்கள் என்றார். கேட்டேன். எப்போதும்போல இறக்கத்தில் மெதுவாகத்தான் வந்தேன், மிதித்தேன், பிடிக்கவில்லை என்றார். அதையும் சொன்னேன். இது ஒப்புதல் ஆகாது, விசாரணை நடக்கட்டும் என்று மாஜிஸ்திரேட் எழுதினார். ஜாமீன் கொடுத்தார். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார்: அரசுத் தரப்புச் சாட்சிகள் யாரையும் நெருங்கவோ பேசவோ கூடாது. சாட்சிகளில் ஒருவர் ராமசாமியின் மனைவி லெட்சுமி.

இதையெல்லாம் விளக்கியபோது முனியாண்டி அண்ணன் என்மேல் பாய்ந்தார்.

"நான்தான் சொமக்கிறேன்னு சொல்றேன்ல. நீ யாரும்மா எறக்கி வைக்கச் சொல்ல?"

"நான் சொல்லலண்ணே, சட்டம் சொல்லுது. நீங்க குற்றம் செஞ்சீங்கன்னு அவங்கதான் காட்டணும். அது அவங்க வேலை. நீங்க எதையும் காட்ட வேண்டியதில்ல."

"அவங்களுக்கு என்ன தெரியும்? கூப்பிட்டது நானு."

அறைக்கு வந்து உட்கார்ந்தேன். நல்லது செய்தேனா, ஒரு மனிதன் கேட்டதைப் பிடுங்கிக்கொண்டேனா என்று எனக்கே தெரியவில்லை. மேல்வீடும் கீழ்வீடுமாக இருந்துகொண்டு, ஒரு செத்த வீட்டுக்காரியிடம் துக்கம்கூட விசாரிக்க முடியாமல் செய்துவிட்டோமே என்று அழுகை வந்தது. மிசஸ் தில்லையம்பலம் பிளாஸ்க்கைத் திறந்து தேநீர் ஊற்றினார். அந்தப் பிளாஸ்க்கிலிருந்து வேறு யாருக்கும் அவர் ஊற்றி நான் பார்த்ததில்லை.

"முழுக்கச் சொன்னீரோ?"

"சொன்னேன்."

"பிறகேன் அழுறீர்?"

"அவருக்கு உள்ள போகணும் மிசஸ். அதுதான் அவருக்கு வேணும்."

பிளாஸ்க்கை மூடி வைத்தார். "அவரின்ரை மனப் பாரத்துக்குக் கோர்ட்டிலை மருந்தில்லை, பிள்ளை. செய்யாத குற்றத்துக்கு மறியலிலை போய்க் கிடந்தால் மட்டும் அது இறங்குமோ? தேத்தண்ணியைக் குடியும், ஆறப் போகுது" என்றார். அவர் என்னைப் பிள்ளை என்று கூப்பிட்டது அந்த ஒருமுறைதான்.

விசாரணை பல மாதம் இழுத்தது. தள்ளிவைப்பு, மறுபடி தள்ளிவைப்பு. ஒவ்வொரு தடவையும் இருவரும் வருவார்கள். நடைபாதையின் ஒரு கோடியில் முனியாண்டி அண்ணன் சுவரைப் பார்த்து நிற்பார். மறு கோடியில் லெட்சுமி அக்கா பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். ஒருமுறை அக்கா என்னிடம், "அவருகிட்ட ஒரு வார்த்த பேசணும், போலாமாம்மா?" என்று கேட்டார். வழக்கு முடியும்வரை கூடாது அக்கா என்றேன். "சரி, காத்துக்கிட்டு இருக்கேன்" என்றார். என்ன பேசப் போகிறார், திட்டவா சாபம் விடவா என்று எனக்குப் பயமாக இருந்தது. கேட்கவும் எனக்கு அனுமதி கிடையாது.

வாகனப் பரிசோதகர் சாட்சி சொன்னார். பிரேக் உள்ளே தேய்ந்துபோயிருந்தது, கழற்றிப் பார்த்தால்தான் தெரியும், ஓட்டுகிறவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை என்றார். பின்னால் வந்த இன்னொரு லோரிக்காரர், வேகமாகப் போகவில்லை என்றார். கடைசியாக லெட்சுமி அக்கா கூண்டில் ஏறினார். அன்று காலை உங்கள் கணவரை வேலைக்கு அழைத்தது யார் என்று அரசுத் தரப்பு கேட்டது.

"அண்ணன்தான் கூப்பிட்டாரு. எங்க வீட்டுக்காரரு போனாரு. எத்தனையோ நாளு இவரு கூப்பிட்டு அண்ணன் வந்திருக்காரு. அண்ணனுக்குக் காய்ச்சல் அடிச்சப்பகூட 'வா மச்சான், ஒரு டிரிப்புதான்'னு இவரு இழுத்துக்கிட்டுப் போனாரு. அன்னைக்கு ஒண்ணும் ஆகல. இன்னைக்கு ஆயிருச்சு."

கேட்ட கேள்விக்கு முதல் இரண்டு சொல் போதும். நான் காய்ச்சலையும் சேர்த்து முழுக்கச் சொன்னேன். மாஜிஸ்திரேட் எழுதிக்கொண்டார். இந்த முறை அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

தீர்ப்பு நாளில், அரசுத் தரப்பு தன் பர்டனை நிறைவேற்றவில்லை, எதிர்வாதத்துக்கு அழைக்காமலே விடுதலை என்றார் மாஜிஸ்திரேட். நான் திரும்பிச் சொன்னேன். "அண்ணே, நீங்க குற்றம் செஞ்சதா அவங்களால காட்ட முடியல. உங்கள விட்டாச்சு. போலாம்."

போலீஸ்காரர் கூண்டுக் கதவைத் திறந்தார். முனியாண்டி அண்ணன் இறங்கவில்லை.

"அப்ப அவன் சாவுக்கு யாருதாம்மா பொறுப்பு? ஒருத்தரும் இல்லையா?"

என்ன சொல்கிறார் என்று மாஜிஸ்திரேட் கேட்டார். சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். லோரித் தவுக்கேயின் பேரில் ஏதாவது வழக்கு வந்ததா என்று கேட்காதீர்கள். என் கோர்ட்டுக்கு வரவில்லை.

கடைசியில் நானே கையைப் பிடித்து அவரை வெளியே கூட்டிவந்தேன். நடைபாதையில் லெட்சுமி அக்கா நின்றிருந்தார். இனி நிபந்தனை கிடையாது. முனியாண்டி அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு, அடி வாங்குவதற்குத் தயாராக நின்றார்.

"அண்ணே, அவரு நேந்துக்கிட்ட காவடி வீட்டுல அப்படியே கெடக்கு. மயிலிறகுகூட வாங்கி வச்சிட்டாரு. அவரு தம்பி தூக்குறேன்னு வந்தாரு. நான்தான் குடுக்கல. நீ வந்து தூக்குவேன்னு வச்சிருக்கேன். வர்ற தைப்பூசத்துக்குத் தூக்குண்ணே."

முனியாண்டி அண்ணன் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதார். அக்காவும் அழுதார். அரசுத் தரப்பு அதிகாரி போகிற போக்கில் நின்று, அந்த அம்மா என்ன சொல்கிறார் என்று என்னிடம் மலாயில் கேட்டார். என்னால் ஒரு சொல்கூடச் சொல்ல முடியவில்லை. என் வேலைக்காலத்தில் கேட்டும் நான் மொழிபெயர்க்காத பேச்சு அது ஒன்றுதான்.

அடுத்த தைப்பூசத்துக்குப் புந்தோங்கிலிருந்து கல்லுமலைக் கோயில் வரை அவர்கள் கூடவே நடந்தேன். வெயில் கொளுத்தியது. அடிபட்ட தோளிலேயே காவடியை வைத்திருந்தார், மாற்றச் சொன்னால் கேட்கவில்லை. லெட்சுமி அக்கா பக்கத்திலேயே ஒரு செம்பில் தண்ணீரோடு வந்து, அவர் காலில் ஊற்றிக்கொண்டே வந்தார். பாதி வழியில் அவருக்குக் கால் தள்ளாடியபோது, "வந்திருச்சுண்ணே, அந்தா தெரியுது மலை" என்றார்.

சந்நிதிக்குப் போய்ப் பால் ஊற்றியாகிவிட்டது. மற்றவர்கள் காவடியை இறக்கிவிட்டு அன்னதானப் பந்திக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். முனியாண்டி அண்ணன் மட்டும் தோளில் வைத்தபடியே நின்றார். பூசாரி இறக்கச் சொன்னார். நானும் சொன்னேன். கேட்கவில்லை. அவர் லெட்சுமி அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா செம்பைக் கீழே வைத்தார். முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டார்.

"போதும்ண்ணே" என்றார். "எறக்கு."

இறக்கினார்.